ஏன் கேட்கிறாய் என்று கேளுங்கள்

போன இதழில், மூலிகை மருந்து பரிந்துரைக்கும் எக்ஸ்பர்ட் சிஸ்டங்களைப் பற்றி (நிபுணரின் அறிவை விதிகளாக எழுதிவைத்து, கேள்வி கேட்டு யோசனை சொல்லும் கணினி நிரல்கள்) நான்கு வரி எழுதியிருந்தேன். முப்பத்தொரு வருடம் மருத்துவமனை மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக் கொடுத்தவள், ஓய்வுக்குப் பிறகு ஒரு மென்பொருள் குழுவோடு சேர்ந்து அப்படியொரு சிஸ்டத்துக்கு விதிகள் எழுதப் போன கதையும் அதில் வாய் தவறி வந்துவிட்டது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். முடி உதிர்வு, மூட்டு வலிக் கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகின்றன. அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எக்ஸ்பர்ட் சிஸ்டமெல்லாம் பழைய கதை, இப்போது சாட்பாட்டிடம் கேட்டால் போதும் என்கிறான் என் பேரன். இரண்டும் ஒன்றுதானா? – ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: பழைய கதை என்பது சரி. 1970-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் உருவாக்கத் தொடங்கிய ‘மைசின்’தான் மருத்துவ எக்ஸ்பர்ட் சிஸ்டங்களில் அதிகம் பேசப்பட்டது. ரத்தத்தில் கிருமி பரவியவருக்கு எந்த ஆன்டிபயாடிக், எவ்வளவு என்று சொல்வது அதன் வேலை. உள்ளே இருந்தவை 500-க்கும் மேற்பட்ட விதிகள். ஒவ்வொன்றும் ‘இன்னின்ன இருந்தால், இதுவாக இருக்கலாம், இவ்வளவு நிச்சயம்’ என்ற வடிவில் ஒரு வாக்கியம். 1979-இல் வெளியான ஒரு சோதனையில், யோசனை யாருடையது என்பதை மறைத்து வெளி நிபுணர்களிடம் மதிப்பிடக் கொடுத்தார்கள். மைசினுக்கு 65 சதவீத ஒப்புதல் கிடைத்தது. அங்கேயே பாடம் நடத்திய தொற்றுநோய் மருத்துவர்களுக்கு 42.5 முதல் 62.5 சதவீதம் வரை. அப்படியிருந்தும் அது வார்டுக்குள் அன்றாட வேலைக்குப் போகவே இல்லை. ஒரு நோயாளிக்கு அரைமணி நேரம் உட்கார்ந்து விடைகளைத் தட்டிக்கொண்டிருக்க எந்த டாக்டருக்கு நேரம்?

எனக்கு மைசினில் பிடித்தது மதிப்பெண் அல்ல. அது ஒரு கேள்வி கேட்கும்போது நாம் பதிலுக்கு ‘ஏன்?’ என்று தட்டலாம். ‘இந்த விதியைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன், அதற்கு இந்த விவரம் வேண்டும்’ என்று விதியையே எடுத்துக் காட்டும். முடிவு சொன்ன பிறகு ‘எப்படி வந்தாய்?’ என்றாலும் வந்த வழியைப் படிப்படியாகச் சொல்லும். 

சாட்பாட் பிறந்த விதம் வேறு. கணக்கற்ற பக்கங்களைப் படித்து, அடுத்து எந்தச் சொல் பொருந்தும் என்று கணித்துப் பேசுவது அது. பேச்சு இனிக்கும். ஆனால் இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதற்கும் ஒரு அழகான பதிலை அந்த நிமிடமே சமைத்துக் கொடுத்துவிடும். அது உண்மையான காரணமா, கேட்டதற்காகச் சொன்னதா என்று நமக்குத் தெரியாது. பேரனை ஒன்று செய்யச் சொல்லுங்கள். ‘வறட்டு இருமலுக்கு மூலிகை சொல்’ என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருக்கட்டும். பதில் சொல்வதற்கு முன் அது திருப்பிக் கேள்வி கேட்கிறதா, கேட்டால் எத்தனை என்று எண்ணி எனக்கு எழுதட்டும். 

கேள்வி: எனக்கு வயது 58. ரத்த அழுத்தத்துக்கு ஐந்து மாதமாக எனாலாப்ரில் சாப்பிடுகிறேன். இரண்டு மாதமாக வறட்டு இருமல். மூலிகை யோசனை சொல்லும் ஒரு செயலியில் அதிமதுரம் சாப்பிடலாமா என்று பார்த்தேன். நான் பி.பி. இருக்கிறது என்று குறித்ததும் ‘உங்களுக்குப் பரிந்துரைக்க முடியாது’ என்று முடித்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடும் வேருக்கு இவ்வளவு கெடுபிடியா அம்மா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஐயா, அந்தச் செயலி சரியாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் பாதி வேலையில் எழுந்து போய்விட்டது. இரண்டையும் சொல்கிறேன். உங்கள் கடிதம்தான் இந்த மாதக் குவியலிலேயே முக்கியமானது.

முதலில் அதிமதுரம். அதன் இனிப்புக்குக் காரணம் கிளிசிரைசின் என்ற பொருள். நம் உடலில் கார்டிசால் என்றொரு ஹார்மோன் ஏராளமாக ஓடுகிறது. அது சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால், உப்பைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே தள்ளு என்று உத்தரவு போட்டுவிடும். அப்படி உட்காராமல் இருக்க, அங்கே ஒரு நொதி காவல் நின்று கார்டிசாலை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது. அதிமதுரம் அந்தக் காவலைத் தூங்கவைத்துவிடுகிறது. உப்பு தங்கும், கூடவே நீரும் தங்கும், அழுத்தம் ஏறும், கால் வீங்கும், பொட்டாசியம் இறங்கும். நாளுக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினுக்கு மேல் தொடர்ந்து போக வேண்டாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு சொன்னது. அது நல்ல உடம்புக்காரர்களுக்கு. ஏற்கெனவே அழுத்தம் உள்ளவருக்கு அந்த வேர் தோதுப்படாது. நீர் போக மாத்திரையும் சேர்ந்தால் பொட்டாசியம் இரண்டு வழியிலும் வடியும். இதயத்துக்கு டிகாக்ஸின் சாப்பிடுபவர் என்றால் நான் அந்த டப்பாவைக் கையிலிருந்தே பிடுங்கிவிடுவேன்.

இப்போது, செயலி கேட்காமல் விட்டது. ‘பி.பி. இருக்கிறதா?’ என்று கேட்டது. ‘அதற்கு என்ன மாத்திரை?’ என்று கேட்டதா? நீங்கள் சாப்பிடும் எனாலாப்ரில், அதன் உடன்பிறப்புகளான ராமிப்ரில், லிசினாப்ரில் எல்லாமே ஏ.சி.இ. தடுப்பான் என்ற வகை. ‘ப்ரில்’ என்று முடியும் பெயரைப் பார்த்தாலே மருந்தகக்காரர்கள் இருமல் இருக்கிறதா என்று கேட்பார்கள். நுரையீரலில் பிராடிகைனின் போன்ற பொருள்களை உடைக்கும் வேலையையும் அந்த ஏ.சி.இ. நொதியே பார்க்கிறது. அதைத் தடுத்தால் அவை சேர்ந்துகொண்டு தொண்டையைக் குறுகுறுக்க வைக்கும். சளி வராது, காய்ச்சல் இருக்காது, இரவில் அதிகம். மருந்து ஆரம்பித்த சில வாரத்திலும் வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம். 

உங்கள் இருமல் அதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. கடிதத்தில் நாடி பார்க்க முடியாது. ஆனால் மாத்திரை ஆரம்பித்துச் சில மாதத்தில் வறட்டு இருமல் என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த மாத்திரைதான். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அழுத்தம் எகிறும். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம், “ஐந்து மாதமாக எனாலாப்ரில், இரண்டு மாதமாக வறட்டு இருமல்” என்று இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள். மீதி அவருக்குப் புரியும். லோசார்டன் போன்ற வேறு வகைக்கு மாற்றினால் இந்த இருமல் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரத்தில் அடங்கும். அடங்காவிட்டால், இரண்டு மாத இருமலுக்குப் பார்க்க வேண்டிய மற்றவற்றை அவர் பார்ப்பார். எடை குறைவு, சளியில் ரத்தம், மாலைக் காய்ச்சல் இதில் எது இருந்தாலும் இந்த வாரமே போங்கள்.

எங்கள் சிஸ்டத்திலும் முதல் ஏழு மாதம் இந்தக் கேள்வி இல்லை ஐயா. விதி எழுதியது நான்தான். முப்பத்தொரு வருடம் வாயால் கேட்ட கேள்வி, எழுத உட்கார்ந்தபோது நினைவுக்கு வரவில்லை.

கேள்வி: மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது என்கிறார்களே? – ஒரு வாசகி

பதில்: அரளியும் மூலிகைதான்.

கேள்வி: கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவன். ‘சுய பராமரிப்புக்கு மூலிகை பரிந்துரைக்கும் எக்ஸ்பர்ட் சிஸ்டம்’ என் புராஜெக்ட். மூன்று மூலிகைப் புத்தகங்களிலிருந்து 200 விதிகள் எடுத்துவிட்டேன். மூன்று புத்தகமும் ஒத்துப்போனால் நிச்சய அளவு அதிகம் வரும்படி எழுதியிருக்கிறேன். இது போதுமா மேடம்?

பதில்: தம்பி, 200 விதிகளும் ‘இன்ன நோய்க்கு இன்ன இலை’ என்ற ஒரே ஜாதியாக இருக்குமே? நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வைத்தியர் எழுபதைத் தாண்டியவர். நோட்டும் பேனாவுமாக அவர் எதிரே உட்கார்ந்து, ‘இருமலுக்கு என்ன? செரிமானத்துக்கு என்ன?’ என்று கேட்டேன். ஒரே வாரத்தில் நாற்பது விதி கிடைத்தது. துள்ளிக் குதித்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, “இத வெச்சு ஒருத்தருக்கும் மருந்து குடுக்க முடியாதேம்மா” என்றார். ஆளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமாம். ஆளில் எதைப் பார்ப்பீர்கள் என்றால், “பாத்தா தெரியும்.” அவ்வளவுதான். இரண்டு மாதம் அந்தச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தேன். 

ஒருநாள் அலுப்பில் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். “சரி, அதிமதுரத்தை யாருக்குக் கொடுக்க மாட்டீர்கள்?” யோசிக்கவே இல்லை. “கால் வீங்கினவனுக்குக் குடுக்க மாட்டேன். இன்னும் வீங்கும்.” கிளிசிரைசின் என்ற பெயர் அவருக்குத் தெரியாது. ஐம்பது வருடக் கண் அது. அன்றிலிருந்து ‘யாருக்கு வேண்டாம்’ என்பதையே முதலில் கேட்டேன். கொட்டத் தொடங்கியது. கடைசியில் எங்கள் சிஸ்டத்தில் ‘கொடு’ என்ற விதியைவிடக் ‘கொடுக்காதே’, ‘நிறுத்து’, ‘அனுப்பிவிடு’ என்ற விதிகள் மூன்று மடங்கு இருந்தன. உன் புத்தகங்களில் இது அநேகமாக இருக்காது. ஆட்களிடம் போய்த்தான் வாங்க வேண்டும். சிஸ்டம் கட்டுவதில் வண்டி சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான் என்று எக்ஸ்பர்ட் சிஸ்டத்தின் ஆரம்பகால ஆட்களே, எட்வர்ட் ஃபைகன்பாம் உட்பட, புலம்பியிருக்கிறார்கள்.

அடுத்து உன் நிச்சயக் கணக்கு. மைசின் முறையில்தான் போட்டிருப்பாய்: முதல் சான்று 0.6, இரண்டாவதும் 0.6 என்றால், மிச்சமிருக்கும் 0.4-இல் 0.6 பங்கைச் சேர்த்து 0.84. மூன்றாவதையும் சேர்த்தால் 0.936. கிட்டத்தட்ட உறுதி! ஆனால் அந்தக் கணக்கு, மூன்று சான்றும் தனித்தனியாக வந்தவை என்று நம்பிக்கொண்டு போடுகிற கணக்கு. மூன்று புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். அளவு, சொல், சில சமயம் அச்சுப்பிழைகூட ஒன்றாக இருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டிருக்கிறது. அப்போது உன்னிடம் இருப்பது மூன்று சாட்சி இல்லை. ஒரே சாட்சி மூன்று சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். 0.6-லேயே நிறுத்து. புத்தகங்களோடு உலக சுகாதார அமைப்பு 1999 முதல் 2009 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட மருத்துவத் தாவரக் குறிப்புகளையும் எடுத்துக்கொள். ஒவ்வொரு தாவரத்துக்கும் ஆய்வில் தேறிய பயன், மரபில் சொல்லப்படும் பயன், வெறும் வழக்கு என்று மூன்றாகப் பிரித்திருப்பார்கள். அந்தப் பிரிவினையை அப்படியே உன் விதிக்குள் ஒரு கட்டமாக வைத்துக்கொள்ளலாம். யாருக்கு ஆகாது, எதோடு சேராது என்பதும் தனித் தலைப்பில் இருக்கும்.

பெயர்ச் சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘பிரம்மி’ என்று ஒருவர் வல்லாரையைச் சொல்வார், இன்னொருவர் நீர்ப்பிரம்மியைச் சொல்வார். குடும்பமே வேறான இரண்டு செடி. ‘சங்கபுஷ்பி’ என்றால் விஷ்ணுகிராந்தியும் வரும், காக்கணங்கொடியும் வரும், வேறொன்றும் வரும். இதெல்லாம் பண்டிதர்கள் சண்டை என்று நினைக்காதே. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த ஒரு மூலிகைக் கலவையில், ஸ்டெஃபானியா என்ற செடி இருக்க வேண்டிய இடத்தில் அரிஸ்டலோக்கியா வந்து சேர்ந்தது. சீனத்தில் இரண்டு பெயரும் ‘ஃபாங்ஜி’ என்றே முடியும். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது, பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் வந்தது. நம் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே அரிஸ்டலோக்கியா இனம்தான். உன் மூன்று புத்தகத்தில் ஏதாவது ஒன்று அவற்றை உள்ளுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கும். தேடிப் பார், கிடைத்தால் அந்த விதியை அழி. ஒவ்வொரு விதியிலும் ஊர்ப்பெயரோடு தாவரவியல் பெயரும் இருக்கட்டும். பெயர் உறுதியாகாத செடிக்கு விதியே வேண்டாம்.

எந்தப் பாகம், எப்படித் தயாரித்தது என்ற இரண்டு கட்டமும் வை. மலேரியாவுக்கான ஆர்டிமிசினின் மருந்தைத் தேடிய சீன விஞ்ஞானி தூ யூயூ, செடியை வழக்கம்போலச் சூட்டில் வடித்துப் பார்த்தபோது பலன் நிலையாக வரவில்லை. நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங் எழுதிவைத்த குறிப்பில், செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்றுதான் இருந்தது. கொதிக்கவை என்று இல்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று தூ யூயூ குறைந்த வெப்பத்தில் ஆவியாகும் ஈதரில் பிரித்தெடுத்தார். 2015-இல் நோபல் கிடைத்தது. (அதற்காக அந்தச் செடியைத் தேநீர் போட்டுக் குடித்து மலேரியாவைச் சமாளிக்கலாம் என்று உன் சிஸ்டம் சொல்லிவிடக் கூடாது. அளவு போதாது என்று உலக சுகாதார அமைப்பு அதை ஏற்கவில்லை.) மஞ்சளும் அப்படித்தான். தூளில் மருந்துப் பொருளான குர்க்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான். அதையே சாறாக்கி, மிளகின் பைபெரினும் சேர்த்து மாத்திரையாக்கினால் ரத்தத்தில் ஏறும் அளவே வேறு. 1998-இல் வந்த ஒரு ஆய்வில் 20 மடங்கு ஏறியது. கல்லீரல் பாதிப்புப் புகார்கள் இந்த மாத்திரைகளின் பெயரில் வருகின்றன. உன் விதியில் ‘மஞ்சள்’ என்று வெறுமனே இருந்தால் அது எந்த மஞ்சள்?

கடைசியாக, விதிகளின் வரிசை. அவசர அறிகுறிகள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடட்டும். ‘நெஞ்செரிச்சல்’ என்று தட்டியவரிடம், வலி தோளுக்கோ தாடைக்கோ போகிறதா, வியர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்காமல் இஞ்சியைப் பற்றி ஒரு எழுத்துகூடத் திரையில் வரக் கூடாது. 200-ஐ 30 ஆக்கிக்கொண்டு வா தம்பி. மூன்று தொல்லை, எட்டுச் செடி போதும்.

கேள்வி: கொஞ்ச நாளாக மனம் சோர்வாக இருக்கிறது. ஒரு மூலிகைச் செயலியில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் பற்றிப் பார்த்தபோது, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டது. மனச்சோர்வுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? எரிச்சலில் மூடிவிட்டேன். – 27 வயது வாசகி

பதில்: சம்பந்தம் கல்லீரலில் இருக்கிறது அம்மா. சி.ஒய்.பி. 3ஏ4 என்ற நொதி, நாம் விழுங்கும் மருந்துகளில் பெரும் பங்கை உடைத்து வெளியேற்றுகிறது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் அந்த நொதியைக் கூடுதலாக உற்பத்தி செய்யவைக்கும். குடலில் மருந்தை வெளியே தள்ளும் இன்னொரு புரதத்தையும் கூட்டும். விளைவு, மற்ற மாத்திரைகள் வேலை செய்வதற்குள் காலி. எச்.ஐ.வி.க்கான இண்டினாவிர் மருந்தின் ரத்த அளவு இதனால் 57 சதவீதம் குறைந்ததாக 2000-ஆம் ஆண்டிலேயே காட்டினார்கள். மாற்று உறுப்பு வைத்துக்கொண்டவர்களுக்கு சைக்ளோஸ்போரின் அளவு சரிந்து, வைத்த உறுப்பை உடல் நிராகரித்த சம்பவங்களும் உண்டு. கருத்தடை மாத்திரையும் அந்தப் பட்டியலில்தான். மாத்திரையை ஒருநாள் விடாமல் சாப்பிட்டும் கரு நிற்க வாய்ப்பு. மூலிகையை நிறுத்திய பிறகும் அந்த விளைவு அடங்க இரண்டு வாரம் போல ஆகும். ஏற்கெனவே மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர் இதையும் சேர்த்தால் மூளையில் செய்தி கடத்தும் செரோட்டோனின் மிகையாகி நடுக்கம், குழப்பம், காய்ச்சல் என்று ஆபத்தில் போய் முடியலாம்.

ஆக, கேள்வி சரியானது. கேட்ட விதம்தான் தப்பு. ‘இதை ஏன் கேட்கிறோம்’ என்று ஒரு வரி பக்கத்தில் போட்டிருந்தால் நீங்கள் மூடியிருக்க மாட்டீர்கள். ஐம்பது வருடத்துக்கு முன் மைசின் செய்ததை இன்றைய செயலிகள் செய்யாமலிருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று. இவ்வளவு அந்தரங்கமான விடையை அது எங்கே வைத்துக்கொள்கிறது, யாருக்கு விற்கிறது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் மூடியது நல்லதுதான்.

அப்புறம் உங்களைப் பற்றி. ‘கொஞ்ச நாள்’ என்பது இரண்டு வாரத்துக்கு மேல் என்றால், தூக்கமும் பசியும் வேலையும் கெட்டிருந்தால், மூலிகையைத் தேடுவதை விட்டுவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். இருந்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும், இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு இன்றே பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். இன்றே மருத்துவரிடம் போங்கள். 

கேள்வி: ஒன்பது மாதக் குழந்தைக்குச் சளி, இருமல். செயலியில் வயதைப் போட்டதும் எதுவுமே சொல்லாமல் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறது. தேன்கூடவா கூடாது? – இளம் தாய்

பதில்: தேன்கூடக் கூடாது. ஒரு வயது ஆகாத குழந்தையின் குடலில், தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி விதைகள் முளைத்து நரம்பைச் செயலிழக்கவைக்கும் நஞ்சைச் சுரக்கலாம். கொதிக்கவைத்தாலும் அந்த விதைகள் சாவதில்லை. ஒரு வயதுக்கு மேல் இருமலுக்குத் தேன் நல்ல மருந்துதான், இப்போது இல்லை. பச்சைக் கற்பூரம், புதினா உப்பு கலந்த தைலம் எதையும் மூக்கருகில் தடவாதீர்கள். பால் குடிக்கட்டும், மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடலாம். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இந்த வயதில் 50 அல்லது அதற்கு மேல் என்றாலோ, விலாவுக்குக் கீழ் குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனை.

வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த செயலி அது. அதை நீக்கிவிடாதீர்கள்.

கேள்வி: எதற்கெடுத்தாலும் டாக்டரிடம் போ என்றால் இந்தச் செயலி எதற்கு? நேராக டாக்டரிடமே போய்விட மாட்டோமா? – கிண்டலான கையெழுத்தில் ஒரு வாசகர்

பதில்: கிண்டல் நியாயம்தான். எங்கள் குழுவிலும் இந்தச் சண்டை நடந்தது. பயத்தில் எல்லா விதிக்கும் ‘மருத்துவரை அணுகவும்’ என்று ஒட்டிவைத்தோம். பயன்படுத்திப் பார்த்தவர்கள் மூன்றாம் நாளே அந்த வரியைப் படிப்பதை நிறுத்திவிட்டார்கள். நிஜமாகவே போக வேண்டிய ஒருவரும் அப்படியே தாண்டிப் போனார். நல்லவேளை, சோதனைக் கட்டம், எங்களில் ஒருவர் பக்கத்திலேயே இருந்தார். 

அதன் பிறகு, சொல்ல முடிந்ததைத் துணிந்து சொல்வது என்று முடிவெடுத்தோம். பயணக் குமட்டலா? இஞ்சி. கர்ப்பத்தின் ஆரம்ப மாதக் குமட்டலுக்கும் நாளுக்கு 1 கிராம் உலர்ந்த இஞ்சித்தூள் வரை ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கர்ப்பிணி என்றால் மகப்பேறு மருத்துவர் காதில் போட்டுவிட்டுத்தான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கேட்காமல் வேண்டாம். மலச்சிக்கலா? முதலில் இசப்கோல் உமி, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி. நிலாவாரை பிறகுதான். இரவில் போட்டால் காலையில் வேலை செய்யும், ஒரு வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம். வயிற்றை முறுக்கி, போய் வந்ததும் அடங்கும் குடல் எரிச்சல் நோய் என்று மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாரா? குடலில் மட்டும் கரையும்படி பூச்சு போட்ட புதினா எண்ணெய்க் குளிகைக்கு நல்ல சான்று இருக்கிறது.

அந்தப் புதினாவில் நானே ஒரு அடி வாங்கினேன். உப்புசம் என்று தட்டிய நண்பர் ஒருவருக்கு எங்கள் சிஸ்டம் அதைச் சொன்னது. மனிதருக்கு எதுக்களிப்பு உண்டு. புதினா எண்ணெய் உணவுக்குழாயின் அடிவாய்த் தசையையும் தளர்த்தும் என்பதால் அமிலம் மேலே ஏறியது. போதாததற்கு அவர் அமிலத்தை அடக்கும் மாத்திரையோடு சேர்த்து விழுங்கியிருக்கிறார். அதில் பூச்சு வயிற்றிலேயே கரைந்துவிட்டது. இரவு இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எனக்குப் போன் செய்தார். மாரடைப்பாக இருக்குமோ என்ற பயத்தில் மருத்துவமனைக்கு அனுப்பி, இல்லை என்று தெரிந்து, மறுநாள் காலையில் நான் இரண்டு கேள்வி சேர்த்தேன்: எதுக்களிப்பு உண்டா, அமிலத்தை அடக்கும் மாத்திரை போடுகிறீர்களா. இன்றும் அவர் என்னைப் ‘புதினா டாக்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார்.

ஒரு செயலியை நம்பலாமா என்று பார்க்க நான் வைக்கும் பரீட்சை இதுதான். தொல்லை ‘அஜீரணம்’ என்றே இருக்கட்டும். முதல் முறை, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுவதாகச் சொல்லுங்கள். அடுத்த முறை கர்ப்பம் என்று சொல்லுங்கள். மூன்றாம் முறை, அடுத்த வாரம் அறுவைச் சிகிச்சை என்று. மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால் அதற்குக் காது கிடையாது. பதில் மாறினால், எத்தனை நாள் சாப்பிடலாம், எந்த நாளில் நிறுத்த வேண்டும் என்றும் சொல்கிறதா பாருங்கள். எங்கள் சிஸ்டம் ஐந்தாம் நாள் தானாகவே திரும்ப வந்து ‘குறைந்ததா?’ என்று கேட்கும். இல்லை என்றால் வேறு மூலிகை சொல்லாது. அது வைத்தியர் ஐயாவின் விதி. “அஞ்சு நாள்ல கேக்காத வியாதிய நான் ஏன் வெச்சுக்கணும்?” என்பார்.

அடுத்த இதழுக்கு எழுதுபவர்கள் கவனிக்க: வயது, சாப்பிடும் மாத்திரைகளின் முழுப் பெயர், எத்தனை மில்லிகிராம், எப்போதிலிருந்து – இவை இல்லாமல் மூலிகை கேட்டால் பதில் வராது. ‘சின்ன வெள்ளை மாத்திரை, பாதி’ என்று இந்த மாதம் நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள்.